பொலோனியாவில் பெட்டியை இறக்குங்கள்: ரயிலில் இத்தாலி பார்க்கப் போகிறவர்களுக்கு

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அப்பாவையும் அம்மாவையும் இத்தாலி சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறான். தாளில் பத்து நாளைக்கு எட்டு ஊர் எழுதியிருந்தது. "யக்கா, நீங்க ரயில்லயே சுத்திட்டு வந்தீங்களாம்லா. இது சரிப்பட்டு வருமான்னு பாருங்க" என்றார். "தம்பி, இந்தக் கணக்குல போனா பெட்டி கட்டவும் அவுக்கவும்தான் நேரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் கூப்பிட்டு ஐரோப்பா போகும் பெரியவர்கள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் 31 வருஷம் டிக்கெட் கவுன்டரில் இருந்தவள். அம்பாசமுத்திரத்தில் அட்டை டிக்கெட் காலத்தில் ஆரம்பித்து நெல்லை ஜங்ஷனில் ஓய்வு பெற்றேன். தங்கச்சி மகன் பொலோனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்கிறான். அவன் கூப்பிட்டு நானும் தங்கச்சியும் ஓர் அக்டோபரில் போனோம். அவனுக்கு வகுப்பும் ஆய்வகமும் இருந்ததால் பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் சுற்றினோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலியும் உண்டு.

முதலில் தங்கும் ஊர். நெல்லை ஜங்ஷன் பக்கத்தில் அறை எடுத்தவர் ஒரு நாள் தென்காசி, செங்கோட்டை போகலாம், ஒரு நாள் திருச்செந்தூர், ஒரு நாள் நாகர்கோவில், ஒரு நாள் மதுரை. ராத்திரி பெட்டி வைத்த இடத்துக்கே திரும்பிவிடலாம். இத்தாலியில் அப்படிப்பட்ட ஜங்ஷன் பொலோனியா. வடக்கே வெரோனா, வடகிழக்கே பதுவை வழியாக வெனிஸ், மேற்கே மொதேனா வழியாக மிலான், தெற்கே பிளாரன்ஸ், கிழக்கே ராவென்னா, ரிமினி என்று எல்லாப் பாதையும் அங்கே வந்து சேர்கிறது. பிளாரன்ஸுக்கு அதிவேக வண்டியில் 40 நிமிடத்துக்குள். பதுவைக்கு ஒரு மணி நேரம். வெனிஸுக்கு ஒன்றரை மணி. பிளாரன்ஸிலோ வெனிஸிலோ அறை எடுப்பதைவிட இங்கே செலவும் குறைவு, கூட்டமும் குறைவு.

அதனால் என் திட்டம் இது: ரோமில் இறங்கி மூன்று இரவு, பொலோனியாவில் ஆறு இரவு, கடைசி இரவு மிலான். விமான டிக்கெட் எடுக்கும்போதே ரோமில் இறங்கி மிலானில் ஏறுவதாக எடுங்கள். திரும்ப ரோமுக்கு வரும் ஒரு நாள் மிச்சம். நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். அங்கிருந்து வளைகுடா வழியாக மாறிப் போகலாம். எந்த ஊரில் எடுத்தாலும் அறை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்குக் களைத்து இறங்கும்போது அதன் அருமை தெரியும். அறை வாடகையோடு ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் அங்கே போய்க் கட்டவேண்டியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவைப் பற்றி ஒரே விஷயம். பல நாடுகளுக்கும் சேர்த்து ஷெங்கன் விசா ஒன்றுதான் என்றாலும், எந்த நாட்டில் அதிக நாள் இருப்பீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மகன் ஜெர்மனியில் இருக்கிறான், நாம் இத்தாலியில்தான் அதிக நாள் இருக்கப்போகிறோம் என்றால் இத்தாலி விசா. ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இனி டிக்கெட். இதில் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், என் தொழில் இது.

அங்கே இரண்டு வகை வண்டியைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று அதிவேக வண்டி. அரசு நிறுவனமான திரெனித்தாலியாவின் ஃப்ரெச்சாரோஸாவும், 2012இல் ஓட ஆரம்பித்த தனியார் வண்டி இத்தாலோவும் இந்த வகை. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். டிக்கெட்டில் வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் இருக்கும். வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆர்ஏசி கிடையாது. டிக்கெட் கிடைத்தால் இருக்கை உண்டு. ஆனால் நம் ஊர் மாதிரி நிலையான கட்டணம் இல்லை. சில மாதம் முன்பே எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். மிக மலிவான டிக்கெட்டை மாற்றவோ பணம் திரும்ப வாங்கவோ முடியாது. அதனால் ரோமிலிருந்து பொலோனியா, பொலோனியாவிலிருந்து மிலான், இந்த இரண்டு நீண்ட பயணத்துக்கும் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று ரெஜியோனாலே, நம் பாசஞ்சர் மாதிரி. இதற்கு விலை மாறாது, முன்பதிவு இருக்கை கிடையாது. முன்கூட்டி எடுப்பதால் ஒரு பைசா லாபம் இல்லை. கிளம்பும் நாளில் ஸ்டேஷனில் எடுத்தால் போதும். பொலோனியாவிலிருந்து ராவென்னாவுக்குப் பத்து யூரோவுக்குள் ஆனது. பகல் பயணங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காலையில் மழை என்றால் ஊரையே மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை.

இந்த ரெஜியோனாலேயின் காகித டிக்கெட்டை ஏறும் முன்னால் முத்திரை அடிக்க வேண்டும். பிளாட்ஃபாரத்தின் தூணிலோ நுழைவு வாசலிலோ பச்சையும் வெள்ளையுமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் வாயில் டிக்கெட்டின் முனையைக் கொடுத்தால் தேதியும் நேரமும் அடித்துத் தரும். அடித்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். போனில் எடுத்த டிக்கெட் என்றால் ஏறுமுன் அதே செயலியில் செக்-இன் செய்ய வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் என் கவுன்டரில் தேதி அடிக்கும் இரும்பு மெஷின் ஒன்று இருந்தது. அட்டை டிக்கெட்டைக் கொடுத்தால் டக்கென்று தேதி விழும். ஒரு நாளைக்கு அந்தச் சத்தத்தை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படி இருந்தவள் ராவென்னா வண்டியில் முத்திரை அடிக்காமல் ஏறிவிட்டேன். நம் ஊரில் தேதி அடித்துக் கொடுப்பது கவுன்டர்காரரின் வேலை. அங்கே பயணியின் வேலை. அது எனக்கு உறைக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் அம்மா ஒருவர் வந்தார். டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று அவர் வாய் திறக்கும் முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு அபராதம் கட்டினோம். அந்த அம்மா செய்ததில் தப்பே இல்லை. முத்திரை இல்லாத டிக்கெட்டை இன்னொரு தடவையும் காட்டிப் போகலாம் அல்லவா. மறந்து ஏறிவிட்டீர்கள் என்றால் அவர் வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்களாகவே தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். அதிவேக வண்டி டிக்கெட்டுக்கு இந்த முத்திரை தேவையில்லை.

டிக்கெட் மெஷினில் ஆங்கிலம் உண்டு. பெரிய ஸ்டேஷன்களில் யாராவது பக்கத்தில் வந்து பொத்தான் அமுக்கி உதவ ஆரம்பித்தால், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கைப்பையை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். சீருடை போட்ட ஊழியரிடம் மட்டும் கேளுங்கள்.

அடுத்தது பலகை வாசிப்பது. அங்கே ஊர்ப் பெயர்கள் நாம் படித்த மாதிரி இருக்காது. வெள்ளைக்காரன் நம் ஊரைத் தின்னவேலி என்று எழுதினான் அல்லவா, அந்த மாதிரிதான் நாமும் அவர்கள் ஊர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிளாரன்ஸைப் பலகையில் தேடினால் கிடைக்காது, ஃபிரென்ட்சே என்றுதான் இருக்கும். வெனிஸ் அங்கே வெனெட்சியா. பதுவை பாதோவா. மான்டுவா மான்தோவா. நேப்பிள்ஸ் நாப்போலி. அப்புறம், பலகையில் வண்டியின் கடைசி ஊர்தான் பெரிதாக இருக்கும். ஜங்ஷனில் நின்றுகொண்டு அம்பாசமுத்திரம் என்று தேடினால் கிடைக்குமா? செங்கோட்டை என்றுதானே பார்ப்போம். அதே கதைதான். பதுவைக்குப் போக வெனிஸ் வண்டியைப் பாருங்கள். அதைவிட நல்லது, வண்டி எண்ணைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது. சுவரில் ஒட்டிய மஞ்சள் அட்டவணை புறப்பாடு, வெள்ளை வருகை.

சில சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பினாரியோ என்றால் பிளாட்ஃபாரம். பார்தென்ட்சே புறப்பாடு. ரிதார்தோ தாமதம். கான்செல்லாத்தோ ரத்து. உஷீத்தா வெளியேறும் வழி. ஷோப்பெரோ வேலைநிறுத்தம். இந்தக் கடைசிச் சொல்லை மறக்க வேண்டாம், அங்கே இது அடிக்கடி வரும். ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான ரெஜியோனாலே வண்டிகள் ஓடியாக வேண்டும் என்று விதி. அந்த நேரத்தைப் பார்த்துப் போய்வரலாம்.

எந்தப் பிளாட்ஃபாரம் என்பது பல நேரம் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் தெரியும். பதற வேண்டாம், பலகைக்குக் கீழேயே நில்லுங்கள். வண்டிக் கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அமுக்க வேண்டும், ஏறவும் சரி, இறங்கவும் சரி. ரோம், பிளாரன்ஸ், மிலான் ஸ்டேஷன்களில் டிக்கெட் இருந்தால்தான் பிளாட்ஃபாரத்துக்கே விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கேட்டுக்கு வெளியேயே நிற்க வேண்டியதுதான். போர்ட்டரை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் நீங்களே தூக்கி வைக்க முடிகிற பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, அதற்கு மேல் வேண்டாம்.

இனி ஊர்கள்.

ரோமுக்குள் வர விமான நிலையத்திலிருந்து லியொனார்தோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நடுவில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி ஸ்டேஷன். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் பெரிய பெரிய கல்லால் அடுக்கிய சுவர் ஒன்று நிற்கும். ஏதோ இடிந்த மதில் என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கட்டிய ரோம் நகரத்துக் கோட்டை மதில் அது. நம் கொற்கை முத்து போய்ச் சேர்ந்த ஊர் இதுதான் என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டே அதன் நிழலில் கொஞ்ச நேரம் நின்றோம். கொலோசியத்துக்குத் தெர்மினியிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். கொலோசிய நுழைவு டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். தெருவெல்லாம் மூக்கு மாதிரி வளைந்த இரும்புக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நல்ல குடிதண்ணீர். காலி பாட்டில் ஒன்று போதும், தண்ணீருக்குக் காசே செலவாகாது. ரோமைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரோமில் இருக்கும்போதே ஒரு நாளை ஒர்வியேத்தோவுக்கு ஒதுக்குங்கள். ரெஜியோனாலேயில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ஸ்டேஷன் கீழே, ஊர் செங்குத்தான பாறைமேல். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கம்பிவடத்தில் இழுக்கும் சின்ன ரயில் இருக்கிறது, சில நிமிடத்தில் மேலே கொண்டுவிடும். எல்லோரும் மேலே இறங்கி 1290இல் கட்டத் தொடங்கிய பெரிய கோவிலைப் பார்க்கப் போவார்கள். அதையும் பாருங்கள். ஆனால் கம்பிவட ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் இந்த ஊரில் வந்து ஒதுங்கினார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கட்டச் சொன்ன கிணறு. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். கிணற்றைச் சுற்றி இரண்டு படிச்சுருள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறங்குகிறது. ஆனால் எங்கேயும் சேராது. இறங்கும் கழுதை ஒரு படியில் போகும், தண்ணீர் சுமந்து ஏறும் கழுதை இன்னொரு படியில் வரும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்கும் பாசஞ்சரிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு, அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. 500 வருஷத்துக்கு முன்னால் கிணற்றுக்குள் இரட்டைப் பாதை போட்டிருக்கிறார்கள். நடுவில் 70 ஜன்னல். நான் ஒரு பக்கம் இறங்கி, அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலே காசளவு வானம். படி 248. இறங்கினால் அத்தனையும் ஏற வேண்டும், அதனால் முழங்கால் சரியில்லாதவர்கள் பாதியில் ஒரு ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. தங்கச்சி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். படி அகலம், குட்டை உயரம், ஆனால் ஈரம். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும்.

நான்காம் நாள் பொலோனியா. இங்கே ஒரு எச்சரிக்கை. அதிவேக வண்டிகள் தரைக்கு அடியில் 16 முதல் 19 வரை உள்ள பிளாட்ஃபாரங்களில் நிற்கும். மேலே முதல் பிளாட்ஃபாரத்திலிருந்து அங்கே போகப் பத்து நிமிடம் ஆகும். வண்டிப் பலகையில் எஸ்த் அல்லது ஓவெஸ்த் மாதிரி ஒரு சொல் பிளாட்ஃபார எண்ணோடு ஒட்டியிருந்தால் அது கிழக்கு, மேற்கு என்று தனியாக இருக்கும் பிளாட்ஃபாரம். அதற்கும் தனியாக நடக்க வேண்டும்.

பொலோனியா ஸ்டேஷன் முகப்பில் ஒரு கடிகாரம் 10:25 காட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பழுதாகிவிட்டது போல என்று நினைத்தேன். தங்கச்சி மகன் சொன்னான். 1980 ஆகஸ்ட் 2, காலை 10:25க்கு இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் செத்துப்போனார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியவர்கள். அந்த அறைச் சுவரில் பிளந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கல்லில் பெயர்களும் வயதும். குழந்தைகளும் உண்டு. ஆம்புலன்ஸ் போதாமல் 37ஆம் எண் நகரப் பேருந்தில் உடல்களை ஏற்றிக் கொண்டுபோனார்களாம். அந்த ஆறு நாளும் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் என் நடை தானாக மெதுவாகிவிடும். காத்திருப்பு அறையில் பெட்டிமேல் தலைசாய்த்துத் தூங்கும் ஜனங்களை 31 வருஷம் கவுன்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். நீங்களும் வண்டிக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து அந்தப் பெயர்களை ஒருமுறை வாசியுங்கள்.

ஊருக்குள் வெயிலுக்கும் மழைக்கும் குடை வேண்டாம். தெருவின் இரு பக்கமும் வீட்டு முகப்புகள் தூண்களின்மேல் நீண்டு, கீழே நடைபாதையாக ஓடுகிறது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துத் திண்ணைகளை எல்லாம் ஒன்றாக இணைத்து நடக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியது என்பது அவர்கள் கணக்கு.

பொலோனியாவிலிருந்து பிளாரன்ஸ் போகும் அதிவேக வண்டியில் ஜன்னல் சீட்டு தேட வேண்டாம். 78 கிலோமீட்டரில் ஏறக்குறைய 73 சுரங்கத்துக்குள்தான். போய் இறங்கினால் பெரிய கோவிலுக்குப் பத்து நிமிட நடை. ஊஃபிட்சி சித்திரக்கூடம் பார்க்க நினைத்தால் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

ராவென்னாவில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் 547இல் அர்ப்பணித்த சான் வித்தாலே கோவில். வெளியே வெறும் செங்கல். உள்ளே போனால் கண்ணாடித் துண்டும் பொன் துண்டுமாகப் பதித்து, பேரரசன் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் எதிரெதிர் சுவரில் நிற்கிறார்கள். பக்கத்தில் ரோமப் பேரரசி கல்லா பிளாச்சிதியாவின் பெயரில் சின்ன மண்டபம். அதன் கூரை முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். உள்ளே போனதும் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் கண் பழகி நீலம் தானாக எழுந்துவரும். கவிஞர் தாந்தே இந்த ஊரில்தான் 1321இல் இறந்தார். பிளாரன்ஸ்காரர்கள் அவரை நாடு கடத்தினார்கள். இப்போது அவர் கல்லறை விளக்குக்கு ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் பிளாரன்ஸிலிருந்தே எண்ணெய் வருகிறது.

இங்கெல்லாம் கோவில் நேரத்தைக் கவனியுங்கள். சின்ன ஊர்களில் நம் நெல்லையப்பர் கோவில் மாதிரியே மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், மூன்று மணிக்கு மேல்தான் திறப்பு. காலை வண்டியில் போய்க் கோவிலை முதலில் முடியுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்குக் கேள்வியே இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம்.

பதுவைக்குப் போனது தங்கச்சிக்காக. நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் அவள் மகன் ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது உவரி அந்தோணியார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். அவன் எழுந்து நடந்ததும் மொட்டை போட்டுக் கூட்டிப்போனாள். நம் பக்கத்தில் இது புதிதில்லை. உவரியில் கும்பிடும் அந்தோணியார் அடக்கமான ஊர் பதுவை என்று தெரிந்ததும் அவளுக்கு வேறு எந்த ஊரும் பெரிதாகப்படவில்லை. ஸ்டேஷன் வாசலிலிருந்து டிராம், சாந்தோ நிறுத்தத்தில் இறங்கினால் கோவில் பக்கம். அந்தோணியார் 1231இல் இறந்தார், மறுவருஷமே கட்டத் தொடங்கிவிட்டார்கள். கல்லறைக்குப் பின்பக்கம் வரிசையாகப் போய், கல்லில் உள்ளங்கையை வைத்து நிற்கலாம். சுற்றிலும் ஜனங்கள் வைத்த போட்டோக்கள், கடிதங்கள். தங்கச்சி கைப்பையிலிருந்து ஒரு சின்ன போட்டோவை எடுத்தாள். உவரி மணலில் மொட்டைத் தலையோடு அவன் நிற்கிற படம். அதைக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. படத்தைக் கல்லில் ஒற்றிவிட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற இத்தாலிக்காரக் கிழவி ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாரும் வரிசையை நகரச் சொல்லவில்லை.

அதே ஊரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள் இருக்கும் ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம். முன்பதிவு இல்லாமல் நடக்காது. ஓவியத்துக்குக் காற்றின் ஈரம் ஆகாது என்று முதலில் ஓர் அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம்தான் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

வெனிஸுக்கு ஒரு முழு நாள். இரண்டு ஸ்டேஷன் உண்டு. மெஸ்த்ரே கரையில் இருப்பது, அங்கே இறங்கிவிடாதீர்கள். சாந்தா லுச்சியாதான் தண்ணீர் நடுவில். இரண்டுக்கும் நடுவே 1846இல் திறந்த ரயில் பாலம், 222 வளைவு, மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். நம் பாம்பன் பழைய பாலத்துக்கு 68 வருஷம் மூத்தது. இதில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஸ்டேஷன் படியில் இறங்கினால் நேரே பெரிய கால்வாய். முதலாம் எண் படகில் கால்வாயை முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் நடையாகத் திரும்புங்கள். சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, முன்னாலேயே இணையத்தில் பார்த்துக் கட்டிவிட வேண்டும்.

சாப்பாடு. சைவக்காரர்களுக்குக் கஷ்டம் இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பொலோனியாவில் எங்கும் தோர்த்தெல்லினி என்று சின்னச் சின்னக் கொழுக்கட்டை மாதிரி வரும். உள்ளே பன்றி இறைச்சி. மான்டுவாவிலும் ஃபெராராவிலும் பூசணிக்காய் பூரணம் வைத்தது கிடைக்கும், அது நம் நாக்குக்கு ஒத்துப்போகும். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைப் பால் உறையச் சேர்ப்பதால் கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாத்தே என்று கேட்டால் வெறும் பால் வரும். காபியை நின்று குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடும். உணவகத்தில் கொப்பெர்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்த்திருந்தால் அது அங்கே வழக்கம்தான். ராத்திரி ஏழரைக்கு முன் சமையல் தொடங்காது. நாங்கள் சமையலறை உள்ள அறையாக எடுத்தோம். அரிசி அங்கே வாங்கிக்கொண்டோம், புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் ஊரிலிருந்து. பால் பண்டம், இறைச்சி எதுவும் கொண்டுபோக அனுமதி இல்லை, பால்கோவா ஆசையை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு ஊர். நீங்கள் தமிழ் விரும்பிப் படித்தவர் என்றால் மட்டும். வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, மான்டுவாவுக்குப் பக்கம். 1680இல் அங்கே பிறந்தவர்தான் நம் கயத்தாறு பக்கம் காமநாயக்கன்பட்டியில் வந்திருந்து, 1732இல் சதுரகராதி தந்தவர். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் நாம் இன்று எழுதும் வேறுபாடு அவர் கைவேலை. ரயில் அந்த ஊருக்குப் போகாது. பொலோனியாவிலிருந்து மொதேனாவில் மாறி மான்டுவா, அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பேருந்து குறைவு. மான்டுவாவை மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்திருக்கிறது. நேரம் இருந்தால் அரண்மனையில் மந்தேஞ்ஞா வரைந்த அறையையும் பார்க்கலாம்.

காஸ்திலியோனேயில் பெரிய கோவில் நம்மவர்கள் ஞானப்பிரகாசியார் என்று சொல்லும் புனிதருக்கானது. அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான். 1859 சோல்ஃபெரினோ போரில் அடிபட்டவர்களை இந்த ஊர்ப் பெண்கள் கவனித்ததைப் பார்த்துத்தான் செஞ்சிலுவை யோசனையே பிறந்தது, அதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கோவில் படியில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். வழியில் போன பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நின்று, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் நோட்டுப் புத்தகத்தில் அவன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மத்தேயோ. அந்தத் தே-வில் இருக்கும் இரட்டைச் சுழியைத் தொட்டுக் காட்டி, இதை இப்படி எழுதச் சொன்னவர் உன் ஊர்க்காரர் என்றேன். அவன் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.